பை கைக்கு வந்த நேரம்

காகிதப்படி என் வேலை நேரம் ஒரு நாளைக்கு மூன்று மணி நாற்பது நிமிடம். காலை ஏழே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால், சைக்கிளைத் திண்ணையில் சாத்தும்போது சாயங்காலம் நாலு, நாலரை ஆகிவிடும். 1981-ல் இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். 2024-ல் அறுபத்தைந்து முடிந்து வீட்டுக்கு வந்தேன். அந்தக் காகித நேரத்துக்கும் என் கைக்கடிகார நேரத்துக்கும் நடுவே நாற்பத்து மூன்று வருடமாகப் போன மணிகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது சிவகங்கைச் சீமையில் மானாவாரி நிலமும் சீமைக்கருவேலமும் உள்ள பக்கம். கிளை அஞ்சலகம் ஒரு ஓட்டு வீட்டின் முன்னறையில் இருந்தது. போஸ்ட்மாஸ்டர், நான், இரண்டே பேர். அவரும் என்னைப் போல இ.டி. ஊழியர்தான். எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல், அதாவது இலாகாவுக்கு வெளியே உள்ளவர். தோளில் தொங்கிய பை இலாகாவுடையது, அதில் அடித்த அரக்கு முத்திரை இலாகாவுடையது. சுமக்கிற ஆள் மட்டும் வெளியே. எனக்கு இரட்டை வேலை. மெயில் கேரியராகப் பையை வாங்கி வரவேண்டும், பிறகு தபால்காரராக ஊரிலும் மூன்று குக்கிராமங்களிலும் பட்டுவாடா செய்யவேண்டும்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொன்னால்தான் சம்பளக் கணக்கு விளங்கும். சப் போஸ்டாபீசிலிருந்து பை பஸ்ஸில் வரும். எட்டு பத்துக்கு மெயின்ரோட்டில் நான் நிற்கவேண்டும். பஸ் எட்டு பத்துக்கும் வரும், ஒன்பது மணிக்கும் வரும். வராத நாளும் உண்டு. அன்றைக்குப் பதினோரு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து நானே போய் எடுத்து வருவேன். பை வந்ததும் போஸ்ட்மாஸ்டர் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, கயிற்றை அறுத்து, ஸ்லிப்போடு சரிபார்த்து, ஒவ்வொரு தபாலிலும் தேதி முத்திரை குத்துவார். ஒன்பதரைக்கு நான் பட்டுவாடாவுக்குக் கிளம்பினால் திரும்பும்போது பன்னிரண்டே முக்கால், ஒரு மணி. மணியார்டர் கொடுத்த கணக்கு, கொடுக்க முடியாமல் கொண்டுவந்த பணம், கையெழுத்து வாங்கிய ரசீதுகள் எல்லாவற்றையும் ஒப்படைக்கவேண்டும். இரண்டரைக்குப் பை கட்டுவோம். மூன்றரை பஸ்ஸில் அதை ஏற்றிவிட்டால்தான் என் நாள் முடியும்.

இலாகா கணக்கில் வந்தது சைக்கிள் உருளும் நேரமும் தபால் கைமாறும் நேரமும்தான். புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்துக்குக் கணக்கில்லை. ஒரு மணிக்குப் பட்டுவாடா முடிந்து மூன்றரை பஸ்ஸுக்காகக் கட்டிப்போட்டதுபோல் இருக்கும் நேரத்துக்கும் இல்லை. அந்த நேரத்தில் இன்னொரு வேலைக்குப் போகவும் முடியாது. பை என் பொறுப்பில் இருக்கிறது, அதற்குள் ஊரார் பணம் இருக்கிறது.

வேலையில் சேரும்போது எழுதிக்கொடுத்த உறுதிமொழி இன்னும் நினைவிருக்கிறது. இந்தப் படியை நம்பி நான் இல்லை, குடும்பம் நடத்த எனக்கு வேறு வருமானம் உண்டு என்று கையெழுத்துப் போடவேண்டும். 2001-ஆம் வருட விதிகளிலும் அதே நிபந்தனை இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றும் அதே விதிகள் சொன்னன. எனக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி இருந்தது, அதைக் காட்டித்தான் கையெழுத்துப் போட்டேன். உழவு நடப்பது காலையில். மழை விழுந்த மறுநாள் காலையில் ஏர் பூட்டாவிட்டால் ஈரம் போய்விடும். அந்தக் காலையில் நான் மெயின்ரோட்டில் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பேன். நிலத்தைப் பார்த்தவள் என் மனைவி. வேறு வருமானம் என்று நான் எழுதிக்கொடுத்தது அவளுடைய உழைப்பை.

முதல் மாதம் கையில் வாங்கிய தொகை இருநூறைத் தொடவில்லை. அதைச் சம்பளம் என்று சொல்லக்கூடாது, 'படி' என்றுதான் சொல்லவேண்டும் என்று மூத்தவர் ஒருவர் திருத்தினார். வெறும் சொல்தானே என்று அப்போது நினைத்தேன். சம்பளம் என்றால் அதன் பின்னால் பென்ஷன் வரும், வைத்தியச் செலவு வரும், வருங்கால வைப்பு நிதி வரும். படிக்குப் பின்னால் ஒன்றும் வராது. இது புரிய எனக்குப் பத்து வருடம் பிடித்தது. இத்தனைக்கும், நாங்கள் கூலியாட்கள் அல்ல, அரசின்கீழ் ஒரு பதவியை வகிப்பவர்கள் என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே ராஜம்மா வழக்கில் சொல்லிவிட்டது. விசாரணை இல்லாமல் எங்களை வேலையை விட்டு நீக்க முடியாது என்ற பாதுகாப்பு அதனால் கிடைத்தது. ஊதியம் மாறவில்லை.

அந்த நாளில் தபால் என்றால் மலேசியா, சிங்கப்பூர் கடிதங்கள், அப்புறம் சவுதி, துபாய். ஓரத்தில் சிவப்பும் நீலமும் கோடு போட்ட உறை பையில் தெரிந்தாலே எந்த வீட்டுக்கு என்று கைக்குத் தெரியும். கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது. "அப்பு, இருந்து வாசிச்சுட்டுப் போ" என்பார்கள். ஓர் அப்பத்தாவின் மகன் கோலாலம்பூரில் இருந்தார். கடிதத்தை நான் ஒரு தடவை வாசிப்பேன். நீர்மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னொருக்கா வாசியப்பு" என்பார். இரண்டாம் தடவை வாசிக்கும்போது அவர் உதடும் கூடவே அசையும். பதில் எழுதவும் நான்தான். அங்கே மட்டும் அரைமணி போய்விடும். வேலைநேரக் கணக்கில் ஒரு சாதாரணக் கடிதத்துக்கு ஒதுக்கியது ஒரு நிமிடத்துக்கும் மிகக் குறைவான நேரம்.

முதியோர் பணம் மணியார்டரில் வருகிற நாட்கள் வேறு மாதிரி. மாதத்தில் அந்த நாலைந்து நாள் பையில் ஆயிரக்கணக்கில் ரொக்கம் இருக்கும். கிழவிகள் கோயில் திண்ணையில் காலையிலேயே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பாரத்தில் ரேகை வாங்கவேண்டும். களைவெட்டித் தேய்ந்த பெருவிரலில் ரேகையே இருக்காது. மைப்பெட்டியில் அழுத்தி எடுத்து வைத்தால் ஊதாநிறத்தில் ஒரு வட்டம் மட்டும் விழும். விரலைச் சேலை முந்தியால் துடைத்து, கொஞ்சம் ஈரமாக்கி, மறுபடி ஓரம் ஓரமாக உருட்டி எடுப்பேன். சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் தேடவேண்டும். பணத்தை எண்ணிக் கொடுத்தால், "நீயே இன்னொருக்கா எண்ணுப்பா, காதால கேட்டுக்கிறேன்" என்பார்கள். மாதம் 200 ரூபாயாக இருந்ததையும் எண்ணிக் கொடுத்தேன், 2011-ல் அது 1,000 ஆனதையும் எண்ணிக் கொடுத்தேன். ஒரு ரூபாய் குறைந்தாலும் என் படியிலிருந்துதான் போகும். குறையாமல் பார்த்துக்கொண்டேன்.

1998-க்கு வருகிறேன். எங்களுக்கெல்லாம் அது பெரிய வருடம். நீதிபதி தல்வார் கமிட்டி சிபாரிசின் பேரில் டிசம்பரில் உத்தரவு வந்தது. முன்தேதியிட்டு அந்த மார்ச்சிலிருந்தே அமல். ஒட்டுமொத்தப் படி போய், வேலை நேரத்தை ஒட்டிய படி என்று ஒன்று வந்தது. ஆண்டுக்கு ஒரு சிறு உயர்வும் உண்டு. பட்டுவாடா ஊழியருக்கு இரண்டு படிக்கட்டு. வேலை நேரம் மூன்றே முக்கால் மணி வரை என்றால் 1,375 ரூபாயில் தொடங்கும். அதற்கு மேல் போனால் 1,740.

எனக்கு அளந்து போட்டது மூன்று மணி நாற்பது நிமிடம். எல்லைக்கோட்டுக்கு ஐந்து நிமிடம் குறைவு. மாதம் 365 ரூபாய் போயிற்று.

எப்படி அளந்தார்கள் என்று போஸ்ட்மாஸ்டரிடம் கேட்டேன். அவர் காகிதத்தை எடுத்துக் காட்டினார். எங்கள் ஊருக்கும் கடைசிக் குக்கிராமத்துக்கும் நடுவே ஒரு கண்மாய் இருக்கிறது. கோடையில் கண்மாய்க்குள் வண்டிப்பாதை போட்டு நேராகப் போவார்கள். அளக்க வந்தவர் சித்திரை மாதம் வந்திருந்தார். நேர்ப்பாதையைத்தான் தூரமாக எழுதினார். ஐப்பசியில் தண்ணீர் வந்துவிட்டால் தை, மாசி வரைக்கும் கரையைச் சுற்றித்தான் போகவேண்டும். கரைமேல் களிமண். சைக்கிளில் நாலு சுற்று உருட்டுவதற்குள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அப்பிச் சக்கரம் நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு மறுபடி உருட்டவேண்டும். பல நாள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன், கழுத்தில் பை, பைக்கு மேல் உரச்சாக்கு. தபால் நனையக்கூடாது.

மனு எழுதினேன், பதில் இல்லை. இரண்டாவது மனுவுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. நாலைந்து வருடம் கழித்து வேறொரு அதிகாரி மறுபடி அளக்க வந்தார். அவர் வந்தது அடைமழைக் காலம். "வாங்க, நானும் உங்ககூட நடக்கிறேன்" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரைமேல் முழுத் தூரமும் வந்தார். நல்ல மனிதர். தூரத்தைக் கூட்டி எழுதினார். ஆனால் அதற்குள் ஊரில் எஸ்.டி.டி. பூத் வந்து செல்போனும் வந்துகொண்டிருந்தது. கடிதங்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. தூரத்தில் கூடியது தபாலில் கழிந்து, மொத்தம் மூன்றரை மணியாகக் குறைந்துவிட்டது. அந்த அதிகாரி வருத்தப்பட்டார். விதி அப்படி, அவர் என்ன செய்வார்?

இதில்தான் அடிப்படைத் தவறு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஊருக்கு நூறு கடிதம் வந்தாலும் ஒரே ஒரு கடிதம் வந்தாலும், அந்தக் கடைசி வீட்டுக்குப் போகிற வழி ஒன்றுதான். பஸ் வருகிற நேரமும் போகிற நேரமும் மாறாது. பை கைக்கு வந்த நேரத்திலிருந்து அது கையை விட்டுப் போகிற நேரம் வரைதான் ஒரு தபால்காரருடைய வேலை நேரம். வேறு எந்த அளவும் எங்களுக்குப் பொருந்தாது. கடிதம் குறைந்ததைக் காட்டிப் படியைக் குறைத்த இடங்களும் உண்டு. அப்படிக் குறைந்தவர்களில் சிலர் நிர்வாகத் தீர்ப்பாயம் வரை போய் வழக்காடினார்கள்.

அந்த ஐந்து நிமிடம் என்னை விட்டுப் போகவில்லை. 2009-ல் நடராஜமூர்த்தி கமிட்டி சிபாரிசுப்படி படியைத் திருத்தினார்கள். கீழ்ப்படி 2,665, அடுத்த படி 3,330. வித்தியாசம் 665 ஆயிற்று. 2018-ல் கீழ்ப்படி நான்கு மணி நேரத்துக்கு 10,000, அடுத்தது ஐந்து மணி நேரத்துக்கு 12,000. வித்தியாசம் 2,000. சித்திரை மாதத்தில் ஒருவர் கண்மாய்க்குள் நடந்ததை நான் வேலையை விட்டு வரும்வரை சுமந்தேன்.

லீவு விஷயத்தையும் சொல்லவேண்டும். எங்களுக்கு லீவு வேண்டுமென்றால் பதில் ஆளை நாங்களே பிடித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. அவர் செய்த தவறுக்கும் நாங்களே பொறுப்பு. ரொம்ப காலத்துக்கு, லீவு எடுத்த நாளுக்கு எங்களுக்குப் படி கிடையாது, பதில் ஆளுக்குத்தான் போகும். வருடத்துக்கு இருபது நாள் ஊதியத்தோடு விடுப்பு என்பதெல்லாம் பிற்பாடு வந்தது. என் அப்பா இறந்தது ஒரு மணியார்டர் வாரத்தில், இரவு இரண்டு மணிக்கு. விடிந்தால் பஸ். அந்த நேரத்தில் ரொக்கத்தை நம்பிக் கொடுக்க யாரைப் பிடிப்பது? காலையில் மெயின்ரோட்டுக்குப் போய்ப் பையை வாங்கி, போஸ்ட்மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்துதான் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தேன். அன்று பட்டுவாடா பார்த்தவர் போஸ்ட்மாஸ்டர். அறுபது வயதில், என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் கணக்கில் ஒரு பைசா பிசகில்லை. அவர் இப்போது இல்லை. அவருக்கும் பென்ஷன் கிடையாது.

2001-ல் இ.டி. என்ற பெயரை எடுத்துவிட்டு கிராமின் டாக் சேவக் என்று வைத்தார்கள். பெயர் நன்றாகத்தான் இருந்தது. உறுதிமொழிப் பத்திரம் அப்படியே தொடர்ந்தது.

2018 வேலைநிறுத்தம் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் மறக்காது. எங்கள் ஊதியத்தைப் பரிசீலித்த கமலேஷ் சந்திரா கமிட்டி 2016 நவம்பரிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. ஒன்றரை வருடம் அது நடைமுறைக்கு வராமல் கிடந்தது. மே 22-ஆம் தேதி நாடு முழுக்க வேலையை நிறுத்தினோம். எனக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட காரணமில்லாமல் பையை விட்டதில்லை. முதல் இரண்டு நாள் எட்டு மணி ஆனால் கால் தானாக வாசலுக்குப் போகும். சப் போஸ்டாபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். எதிர்க் கடைக்காரர் மோர் கொடுத்தனுப்பினார். ஐந்தாவது நாள் ஒரு பெண் தேடி வந்தாள். மகனுக்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வரவேண்டும், கடைசித் தேதி நெருங்குகிறது என்று அழுதாள். எங்கள் ஊர்ப் பையை உடைத்துப் பார்க்க எனக்கு உரிமை இல்லை, வேலைநிறுத்தத்தை உடைக்கவும் மனம் வரவில்லை. அன்று இரவு தூங்கவில்லை. ஜூன் 6-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலைக்குத் திரும்பியதும் முதலில் எடுத்துக்கொண்டு ஓடியது அந்த வீட்டுக் கடிதத்தைத்தான். தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அதன் பிறகு வந்த ஊதியம் முன்பைவிட எவ்வளவோ மேல் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆண்டுக்கு மூன்று சதவீத உயர்வு, அகவிலைப்படி எல்லாம் சேர்ந்து, முதல் முறையாக மளிகைக் கடையில் கடன் இல்லாமல் ஒரு வருடம் போயிற்று. ஆனால் அதே வருடங்களில் வேலையின் உருவமே மாறிவிட்டது. கையில் ஒரு கருவி கொடுத்தார்கள். கணக்கு முழுக்க அதில்தான் ஏற்றவேண்டும். எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும். எங்கள் புதிய போஸ்ட்மாஸ்டர், இருபத்தாறு வயதுப் பெண், கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டியடியில் நிற்பார். பின்னால் பாஸ்புக்கோடு பத்துப் பேர் நிற்பார்கள். 2018 செப்டம்பரில் அஞ்சலக வங்கி தொடங்கியதும் ஒவ்வொரு ஊழியருக்கும் இலக்கு வைத்தார்கள். இத்தனை கணக்கு, இத்தனை கிராமிய ஆயுள் காப்பீடு. இரவு ஒன்பது மணிக்கு போனில் செய்தி வரும்: 'இன்று உங்கள் கணக்கு பூஜ்யம்.' நான்கு மணி நேர ஊழியரை இரவு ஒன்பது மணிக்கு எழுப்பிக் கணக்குக் கேட்பது எந்த விதியில் இருக்கிறது? எனக்காவது வயதாகிவிட்டது, விட்டுவிடுவார்கள். அந்தப் பெண் இலக்கை முடிக்கத் தன் சொந்தப் பணத்தைப் போட்டு உறவினர் பெயரில் கணக்குத் தொடங்கியதை நான் பார்த்தேன்.

அதே கருவி செய்த நன்மையையும் பார்த்தேன். 2020 ஊரடங்கில் பஸ் இல்லை, வங்கிக்குப் போக வழியில்லை. கைரேகை வைத்தால் எந்த வங்கியில் இருக்கிற பணத்தையும் வீட்டு வாசலிலேயே எடுத்துக் கொடுத்தோம். மணியார்டர் காலத்துக் கிழவிகளின் மருமகள்கள் இப்போது கிழவிகளாகி அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அதே தேய்ந்த விரல். மைக்குப் பதில் கண்ணாடி. மூன்று, நாலு தடவை வைத்தால்தான் எடுக்கும். முந்தியால் துடைத்து, ஈரமாக்கி, உருட்டி வைக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

2024 மார்ச்சில், நீண்ட காலம் வேலை பார்த்தவர்களுக்கு ஊக்க உயர்வு என்று அறிவித்தார்கள். பன்னிரண்டு வருடம் முடித்தவருக்கு ஆண்டுக்கு 4,320 ரூபாய், இருபத்துநாலு முடித்தவருக்கு 5,520, முப்பத்தாறு முடித்தவருக்கு 7,200. முப்பத்தாறு வருடத்துக்கு மாதம் 600 ரூபாய் கணக்கு. அந்த வருடமே நான் ஓய்வு பெற்றேன். பணிக்கொடைக்கு உச்சவரம்பு ஒன்றரை லட்சம். மாதப் பென்ஷன் இல்லை. கடைசி நாள் மூன்றரை பஸ்ஸில் பையை ஏற்றியபோது நடத்துநர் இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பட்டம் படித்த பிள்ளைகளும் விண்ணப்பிக்கிறார்கள். என் ஊரிலிருந்தே இரண்டு பேர் என்னிடம் வந்து, போகலாமா என்று கேட்டார்கள். போங்கள் என்றுதான் சொன்னேன். ஊரில் உங்களுக்காகக் காத்திருக்கும் ஒரு வீடாவது எந்தக் காலத்திலும் இருக்கும். ஆனால் சேருகிற முதல் நாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பை கைக்கு வந்த நேரம், கையை விட்டுப் போன நேரம் இரண்டையும் தினமும் எழுதுங்கள். பஸ் வராத நாளையும் பாதை மூழ்கிய நாளையும் தனியாகக் குறியுங்கள். அளக்க வருகிறவர் கோடையில் வந்தால், ஐப்பசியில் ஒருமுறை வந்து கரைமேல் நடந்து பார்க்கச் சொல்லி அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். நான் அந்த மனுவை எழுத ஒரு வருடம் தாமதித்துவிட்டேன்.